தானாக எண்ணெய் வார்த்துக்கொள்ளும் விளக்கு: அமைப்பும் செய்முறையும்

ஏற்றி ஒரு மணிநேரம் ஆன அகல் விளக்கு ஒன்றை அருகில் அமர்ந்து பாருங்கள். ஏற்றியபோது நிமிர்ந்து நின்ற சுடர் குறுகியிருக்கும். அதன் நிறம் மஞ்சளிலிருந்து செம்மைக்குத் திரும்பியிருக்கும். திரியின் தலையில் சிறு காளான் போலக் கரி கட்டியிருக்கும். அகலில் எண்ணெய் இன்னும் பாதிக்குமேல் இருக்கும்போதே இப்படிச் சுடர் சோர்ந்துபோவதற்குக் காரணம், எண்ணெயின் மட்டம் ஒரு விரலகலத்துக்கும் குறைவாகக் கீழே இறங்கியதுதான். எண்ணெய் மட்டத்துக்கும் சுடருக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு தூரத்தை மாறாமல் காப்பதற்காகவே, உலகின் பல மூலைகளிலும் பல நூற்றாண்டுகளாக விளக்குச் செய்வோர் தங்கள் அறிவைச் செலவிட்டார்கள். அந்தத் தூரத்தைத் தானாகவே காத்துக்கொள்ளும் ஒரு விளக்கை வீட்டில் எப்படிச் செய்வது என்பதையும், செய்யும்போது எந்த அளவு எதற்காக வைக்கப்படுகிறது என்பதையும் இங்கே விளக்குகிறேன்.

திரி செய்யும் வேலை

பஞ்சுத் திரியின் இழைகளுக்கு நடுவே மயிரிழை போன்ற இடைவெளிகள் இருக்கின்றன. எண்ணெய் பஞ்சை நனைக்கும் இயல்புடையது என்பதால், இந்த இடைவெளிகளின் வழியே எவரும் தள்ளாமலே அது மேலேறுகிறது. இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். சுடரின் வெப்பத்தில் எண்ணெய் ஆவியாகிறது, அந்த ஆவியே எரிகிறது. எண்ணெய் போதிய அளவில் வந்துகொண்டிருக்கும்வரை திரியின் பஞ்சு பெரும்பாலும் கருகாமல் இருக்கும். வரத்துக் குறைந்ததும் பஞ்சு கருகத் தொடங்கும், கரி கட்டும், கட்டிய கரி இடைவெளிகளை அடைத்து வரத்தை இன்னும் குறைக்கும். தூண்டுகோலால் திரியை முன்னே தள்ளிக் கரியைத் தட்டிவிடும்போது நாம் இந்த அடைப்பைத்தான் நீக்குகிறோம்.

திரி ஒரு நிமிடத்தில் எவ்வளவு எண்ணெயைக் கொண்டுவரும் என்பது முக்கியமாக இரண்டைப் பொறுத்தது. முதலாவது தூரம். எண்ணெய் கடக்க வேண்டிய வழி இருமடங்கானால் வந்து சேரும் எண்ணெய் ஏறக்குறைய பாதியாகும். இரண்டாவது எண்ணெயின் பாகுத்தன்மை, அதாவது அது எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பது. நல்லெண்ணெய் மண்ணெண்ணெயைக் காட்டிலும் இருபது மடங்குக்கும் மேல் பாகுத்தன்மை உடையது. அரிக்கன் லாம்பின் எண்ணெய்த் தாங்கி அடியில் இருக்க, திரி நெடுந்தூரம் மேலே சென்று எரிவதற்கு அந்த நீர்த்த தன்மையே காரணம். அதே லாம்பில் நல்லெண்ணெயை ஊற்றினால் சுடர் சில நிமிடங்களில் மங்கிக் கருகிவிடும். லாம்பில் பழுது ஏதும் இருக்காது.

ஆகவே தாவர எண்ணெய் விளக்குகள் எல்லாம் எண்ணெயைச் சுடரின் காலடியில் வைத்திருக்கும்படி அமைக்கப்பட்டன. அகல் ஆழமில்லாமல் விரிந்திருப்பதும், குத்துவிளக்கின் தட்டு அகன்றும் தட்டையாகவும் இருப்பதும் இதனால்தான். பரப்பு அகலமாக இருந்தால் அதே அளவு எண்ணெய் செலவாகும்போது மட்டம் மெதுவாகவே இறங்கும். ஆனால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் இறங்கத்தான் செய்யும், யாராவது வந்து எண்ணெய் வார்க்கத்தான் வேண்டும். சோழர்காலக் கல்வெட்டுகளில் அணையாமல் எரிய வேண்டிய நந்தா விளக்கு ஒன்றுக்காகச் ‘சாவா மூவாப் பேராடு’ (எண்ணிக்கை குறையாமல் பேணப்படும் ஆடுகள்) தொண்ணூற்றாறு கொடுக்கப்பட்டதும், அதற்கீடாக நாள்தோறும் உழக்கு நெய் அளக்கப்பட்டதும் திரும்பத் திரும்ப வருகின்றன. நெய்க்கு ஆடுகள் பொறுப்பு. ஆனால் இரவு முழுவதும் விழித்திருந்து நெய் வார்த்துத் திரி தூண்டிய கைகளை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கவிழ்த்த போத்தலின் தத்துவம்

கோழிக்குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைப்பவர்கள் ஒரு போத்தலை நீரால் நிரப்பி, ஒரு தட்டின்மேல் கவிழ்த்து, அதன் வாய் தட்டின் அடியிலிருந்து சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்துவார்கள். தட்டில் நீர் போத்தலின் வாயைத் தொடும்வரை வரும், பிறகு நின்றுவிடும். குஞ்சுகள் குடித்து மட்டம் வாய்க்குக் கீழே இறங்கியதும் ஒரு காற்றுக்குமிழ் உள்ளே ஏறும், அதற்கீடான நீர் வெளியே வரும், மறுபடி வாய் மூடப்படும். போத்தலுக்குள் இருக்கும் நீரை வெளியேயுள்ள வளிமண்டல அழுத்தம் தாங்கி நிற்கிறது. அந்த அழுத்தம் பத்து மீற்றர் உயர நீரையே தாங்க வல்லது, ஆகவே ஒரு சாண் உயரப் போத்தல் அதற்குப் பொருட்டே இல்லை.

நீருக்குப் பதில் எண்ணெயையும், குஞ்சுகளுக்குப் பதில் திரியையும் வைத்தால் தானாக எண்ணெய் வார்த்துக்கொள்ளும் விளக்குக் கிடைக்கிறது. கோயில்களில் தொங்கும் தூண்டாமணி விளக்கு இந்த வகையைச் சேர்ந்தது. நடுவிலுள்ள குடத்தில் எண்ணெய் இருக்க, அடியிலுள்ள துவாரத்தின் வழியே தட்டுக்கு அளவாக வரும். கேகாலை மாவட்டத்தின் தெதிகமவில், முதலாம் பராக்கிரமபாகு மன்னனோடு தொடர்புபடுத்தப்படும் கொட்டவெஹெர தூபியின் அகழ்வில் கிடைத்த 12ஆம் நூற்றாண்டு வெண்கல யானை விளக்கும் இதே தத்துவத்தில் இயங்குவது. தொங்கும் எண்ணெய்த் தட்டின் நடுவே ஒரு யானை நிற்கிறது. அதன் வயிறுதான் எண்ணெய்க் குடம். தட்டில் எண்ணெய் குறைந்து காற்றுத் துவாரம் வெளிப்பட்டதும் காற்று யானைக்குள் ஏறுகிறது, அடிப்புறத் துவாரத்தால் எண்ணெய் தட்டுக்குள் வழிகிறது, மட்டம் உயர்ந்து காற்று வழி அடைபட்டதும் வழிவது நிற்கிறது. ஒரு திருகாணியோ அசையும் உறுப்போ இல்லை. அந்தச் சிற்பத்தின் அழகைப் புகழ்வோர் பலர். காற்றுக்கு ஒரு வழியும் எண்ணெய்க்கு வேறொரு வழியும் தனித்தனியே வைத்த கைவினைஞரின் தெளிவையே நான் அதைவிட உயர்வாக மதிக்கிறேன். ஏன் என்பது கீழே வரும்.

ஐரோப்பாவிலும் இதே வழியைத்தான் பிடித்தார்கள். ஜெனீவாவைச் சேர்ந்த எமே ஆர்கான் 1780களில் அமைத்த விளக்கில் திரி ஓர் உள்ளீடற்ற உருளையாக இருந்தது. சுடருக்கு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் காற்றுக் கிடைத்ததால் ஒளி பல மடங்கு கூடியது. அதற்கேற்ப எண்ணெயும் விரைவாகச் செலவானதால், பக்கவாட்டில் உயரமாக நின்ற கவிழ்குடத்திலிருந்து எண்ணெய் வந்தது. அந்தக் குடம் ஒரு பக்கத்து ஒளியை மறைத்து மேசையில் நிழல் வீழ்த்தியது. இந்த நிழலை ஒழிப்பதற்காகவே 1800இல் பாரிஸ் கடிகாரத் தொழிலாளரான கார்செல், குடத்தைச் சுடருக்கு அடியில் வைத்து, சாவி கொடுக்கும் கடிகாரப் பொறியால் எண்ணெயை மேலே ஏற்றினார். 1830களில் பிராஞ்சோ என்பவர் சுருள்வில்லும் உந்துதட்டும் கொண்டு அதை எளிமையாக்கினார். பின்னர் மண்ணெண்ணெய் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் இந்தப் பொறிகள் எல்லாம் தேவையற்றுப் போயின.

தேவையானவை

தட்டுக்கு, உள்ளளவில் 15 சென்ரிமீற்றர் நீளமும் 8 சென்ரிமீற்றர் அகலமும் 3 சென்ரிமீற்றர் ஆழமும் உள்ள நீள்சதுர உலோகத் தட்டு ஒன்று வேண்டும். கேக் சுடப் பயன்படும் சிறிய தகரத் தட்டு ஏறக்குறைய இந்த அளவில் கிடைக்கும். பித்தளைத் தகட்டில் மடித்துச் செய்வித்தால் இன்னும் நல்லது. குடத்துக்கு, உலோகத் திருகுமூடி உள்ள 200 மில்லிலீற்றர் கண்ணாடிப் போத்தல் ஒன்று. பிளாஸ்ரிக் போத்தல் வேண்டாம். அது வெப்பத்தில் இளகும் என்பதோடு, கைபட்டு நசுங்கினாலே எண்ணெயைப் பீய்ச்சிவிடும்.

இவற்றோடு 12 மில்லிமீற்றர் விட்டமும் 3 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள செம்பு அல்லது பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்று, போத்தலைத் தலைகீழாகத் தாங்குவதற்குத் தடித்த கம்பியில் வளைத்த முக்காலி ஒன்று, திரி தாங்கிக்காக மின்கம்பியிலிருந்து உரித்தெடுத்த தடித்த செப்புக் கம்பி ஒரு முழம், உள்ளங்கையளவு தகரத் தகடு ஒன்று ஆகியவை வேண்டும். குழாயை மூடியோடு பற்றவைக்கப் பாத்திரம் ஒட்டுபவரிடம் கொடுத்தால் சில நிமிடங்களில் செய்து தருவார்.

தட்டின் அளவை நான் ஏன் இவ்வளவு குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், அதில்தான் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. தட்டின் பரப்பு 120 சதுர சென்ரிமீற்றர். எண்ணெய் மட்டத்தை 8 மில்லிமீற்றர் உயரத்தில் வைக்கப்போகிறோம், அதற்கு 96 மில்லிலீற்றர் பிடிக்கும். போத்தலில் எங்காவது காற்றுக் கசிந்து உள்ளேயிருக்கும் 200 மில்லிலீற்றரும் ஒரேயடியாக இறங்கினாலும், மட்டம் மேலும் 17 மில்லிமீற்றர்தான் உயரும், மொத்தம் 25. தட்டின் விளிம்பு 30 மில்லிமீற்றரில் இருப்பதால் எண்ணெய் வெளியே வழியாது. அதே வேளையில் சுடர் எண்ணெயில் மூழ்கித் தானாக அணைந்துவிடும். வேறு அளவில் செய்ய விரும்புவோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். போத்தலின் கொள்ளளவு, தட்டில் மிஞ்சும் இடத்தைவிட ஒருபோதும் கூடலாகாது.

குழாயும் அதன் சாய்வு வெட்டும்

இந்த விளக்கில் மிகக் கவனமாகச் செய்ய வேண்டிய உறுப்பு இந்தக் குழாய். காற்று உள்ளே போவதும் எண்ணெய் வெளியே வருவதும் ஒரே வாயினால் நடக்க வேண்டும். வாய் மிகச் சிறிதாக இருந்தால் எண்ணெயின் பரப்பிழுவிசை அதை ஒரு தோல்போல மூடிவிடும், குமிழ் ஏறாது, சுடர் பட்டினி கிடக்கும். நல்லெண்ணெய் போன்றவற்றில் மூன்றரை மில்லிமீற்றர் விட்டத்துக்கு உட்பட்ட குழாயில் குமிழ் சிக்கி நின்றுவிடும். மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டுவிட்டு விளக்கு வேலை செய்யவில்லை என்று கைவிட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுடைய தவறு அந்தத் துளையின் அளவு மட்டுமே. தெதிகம யானையில் காற்றுக்கும் எண்ணெய்க்கும் தனித்தனி வழி வைத்திருப்பது இந்த இடையூறை அடியோடு நீக்குகிறது.

நமக்கு எளிய வழி, அகன்ற குழாயைச் சாய்வாக வெட்டுவது. குழாயின் கீழ்முனையை, ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட 8 மில்லிமீற்றர் நீளமாக இருக்கும்படி அரத்தால் சாய்வாக அராவிக்கொள்ளுங்கள். நீண்ட முனை தட்டின் அடியைத் தொட்டு நிற்கும். குறுகிய பக்கத்தின் விளிம்பு அடியிலிருந்து 8 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கும். அந்த விளிம்பின் வழியே காற்று ஏறும், நீண்ட பக்கத்தை ஒட்டி எண்ணெய் இறங்கும். தட்டில் எண்ணெய் எந்த உயரத்தில் நிற்கும் என்பதை அந்த விளிம்பே தீர்மானிக்கிறது என்பதால், அராவும்போது அளவுகோல் கையில் இருக்கட்டும்.

குழாயின் மேல்முனையை மூடியின் நடுவில் அதே அளவில் வெட்டிய துளையில் பொருத்திச் சுற்றிவரப் பற்றவையுங்கள். மூடிக்கும் போத்தலுக்கும் இடையிலுள்ள இணைப்பு, விளக்கு எரியும்போது எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருக்கிறது. அங்கே ஊசிமுனையளவு கசிவு இருந்தாலும் காற்று அவ்வழியே புகுந்து எண்ணெய் முழுவதையும் இறக்கிவிடும். மூடியின் உள்வளையம் தேய்ந்திருந்தால் புதிய மூடி எடுங்கள். மரையில் தேன்மெழுகைத் தடவித் திருகினால் நன்றாக அடைக்கும். இறப்பர் வளையம் எண்ணெயில் ஊறி உப்பிவிடும், அதைத் தவிர்க்கவும்.

திரி தாங்கி, திரி, மறைதகடு

செப்புக் கம்பியை ஒரு பென்சிலில் நெருக்கமாகச் சுற்றி, 18 மில்லிமீற்றர் உயரமுள்ள சுருளாக எடுத்து, மிஞ்சிய கம்பியை அடியில் வட்டமாக வளைத்துக் கால் அமைத்துக்கொள்ளுங்கள். கீழ்ச்சுற்றுகளைச் சற்று விரித்துவிட்டால் எண்ணெய் தாராளமாக உள்ளே வரும். இதைத் தட்டின் ஒரு முனையிலிருந்து 3 சென்ரிமீற்றர் உள்ளே நிறுத்துங்கள். போத்தல் மறுமுனையில் நிற்கும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 9 சென்ரிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். சுருளின் தலை எண்ணெய் மட்டத்திலிருந்து 10 மில்லிமீற்றர் மேலே இருக்கும், திரி அதற்கு மேல் நாலைந்து மில்லிமீற்றர் நீட்டிக்கொண்டிருக்கும். செம்பு வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் சுடரின் சூட்டில் ஒரு பங்கு கீழே எண்ணெய்க்குப் போய் அதை இளக்கி ஏற்றத்தை எளிதாக்குகிறது. திரியிலிருந்து சொட்டும் எண்ணெயும் தட்டுக்குள்ளேயே விழுகிறது.

திரிக்கு, சுத்தமான பஞ்சை வெயிலில் அரை மணிநேரம் காயவைத்துத் தொடையில் வைத்து உருட்டிக்கொள்ளலாம். ஈரம் உறிஞ்சிய பஞ்சு எண்ணெயை மறுக்கும், எரியும்போது வெடிக்கும். இறுக்கமாக முறுக்கினால் இழையிடைவெளிகள் அடைபட்டுச் சுடர் சிறுத்துவிடும். முறுக்கே இல்லாவிட்டால் திரி துவண்டு புகை தரும். சுருளுக்குள் நுழைத்தபின் விரல்நுனியால் இழுத்தால் சிறு தடையோடு வர வேண்டும், அதுவே சரியான பருமன். ஏற்றுவதற்கு முன் திரி முழுவதையும் எண்ணெயில் தோய்த்தெடுங்கள். திரியின் நீட்சியைப் பற்றி ஒன்று: ஒளி போதவில்லை என்று பலரும் திரியை மேலே இழுக்கிறார்கள். ஆறேழு மில்லிமீற்றருக்கு மேல் இழுத்தால் ஆவியாகும் எண்ணெய் எரிவதற்குப் போதிய காற்றுக் கிடைக்காமல் சுடர் புகையைத்தான் பெருக்கும். கூடுதல் ஒளி வேண்டுமானால் இன்னொரு தாங்கியை வைத்து இரண்டாவது திரி ஏற்றுவதே முறை.

தகரத் தகட்டைச் சற்றே வளைத்து, போத்தலுக்கும் சுடருக்கும் நடுவில், போத்தலின் பக்கமாக நிறுத்துங்கள். அது சுடரின் சூடு போத்தலில் படாமல் தடுக்கும். பளபளப்பான பக்கத்தைச் சுடரை நோக்கி வைத்தால் ஒளியை முன்புறம் திருப்பியும் தரும். ஆர்கான் விளக்கில் குடத்தின் நிழல் விழுந்த பக்கம் எதுவோ அதே பக்கம்தான் இங்கும் இருளும், ஆகவே சுவரோரமாகப் போத்தல் இருக்கும்படி வைப்பது பொருத்தம்.

நீரால் சோதித்து, எண்ணெயால் நிரப்புதல்

எண்ணெய் ஊற்றுமுன் நீரால் ஒருமுறை சோதியுங்கள். போத்தலை நீரால் முழுக்க நிரப்பி மூடியைத் திருகி, குழாயின் வாயை விரலால் அடைத்துக் கவிழ்த்து, முன்னரே சிறிது நீர் விட்ட தட்டில் முக்காலியோடு நிறுத்துங்கள். மட்டம் உயர்ந்து நின்றதும் தட்டின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு இட்டு ஒரு மணிநேரம் விட்டுவையுங்கள். மட்டம் கோட்டிலேயே நின்றால் போத்தல் காற்றுப்புகாமல் இருக்கிறது. உயர்ந்துகொண்டே போனால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்க, வெறும் போத்தலில் மூடியைத் திருகி, நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, குழாயின் வழியே வாயால் ஊதுங்கள். எங்கிருந்து குமிழ் வருகிறதோ அங்கே மெழுகோ ஈயமோ வேண்டும். பழைய தூண்டாமணி விளக்கு ஒன்று எண்ணெயை நிறுத்தாமல் வழியவிடுகிறது என்று அயலவர் கொண்டுவந்தபோது, குடத்தின் கழுத்தில் பற்றவைத்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பொன்று இருந்ததை நான் இப்படித்தான் கண்டேன். பாசிமணி கோத்ததுபோலக் குமிழ்கள் வரிசையாக ஏறின. துளி ஈயத்தால் அடைத்ததும் விளக்குப் பழையபடி எரிந்தது.

இனி ஒரு கரண்டியால் நீரை எடுத்துத் தட்டின் மட்டத்தைக் குறைத்துப் பாருங்கள். மட்டம் விளிம்புக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கீழே போனதும் ‘குளுக்’ என்ற ஒலியோடு குமிழ் ஏற வேண்டும். சோதனை முடிந்தபின் போத்தலையும் தட்டையும் வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். எண்ணெய்க்குள் தங்கிய நீர்த்துளி கனமாக இருப்பதால் அடியில் கிடந்து திரியின் காலை நனைக்கும், சுடர் சடசடக்கும்.

எண்ணெய் நிரப்பும்போதும் முதலில் தட்டில் 8 மில்லிமீற்றர் உயரத்துக்கு எண்ணெய் விட்டுவிடுங்கள். பிறகு போத்தலை விளிம்புவரை நிரப்பிக் கவிழ்த்தால் போத்தலிலிருந்து ஏறக்குறைய ஒன்றும் இறங்காமல் நிற்கும்.

வெப்பம் செய்யும் குழப்பம்

கவிழ்குட விளக்குகளுக்கு இயல்பிலேயே ஒரு குறை உண்டு. போத்தலில் எண்ணெய் குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று நிரப்புகிறது. காற்றுச் சூடானால் விரியும், விரிந்தால் எண்ணெயைக் கீழே தள்ளும். போத்தலில் 150 மில்லிலீற்றர் காற்று இருக்கும்போது வெப்பநிலை 27 பாகை செல்சியஸிலிருந்து 37 பாகைக்கு உயர்ந்தால் அந்தக் காற்று ஏறக்குறைய 5 மில்லிலீற்றர் விரியும். நமது தட்டின் பரப்பில் அது மட்டத்தை அரை மில்லிமீற்றருக்கும் குறைவாகவே உயர்த்தும். ஆனால் 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சிறு கிண்ணத்தில் அதே 5 மில்லிலீற்றர் இரண்டரை மில்லிமீற்றர் உயர்த்திவிடும்.

நான் முதன்முதலில் செய்த விளக்கில் அப்படியொரு சிறு கிண்ணத்தையே வைத்திருந்தேன், விளிம்பும் மட்டத்துக்கு மிக அருகில் இருந்தது. மேற்கு நோக்கிய யன்னலோரம் விளக்கை ஏற்றாமலே வைத்துவிட்டுப் போய் மாலையில் திரும்பியபோது மேசைவிரிப்பு முழுவதும் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. சுடரே இல்லாமல், வெயில் ஒன்றே அந்த எண்ணெயைத் தள்ளியிருந்தது. போத்தலை வெயில்படும் இடத்தில் வைக்க வேண்டாம் என்றும், பாதிக்குக் கீழே குறைந்ததும் மறுபடி நிரப்புங்கள் என்றும் நான் வற்புறுத்துவது அந்த அனுபவத்தினால்தான். உள்ளே காற்றுக் குறைவாக இருக்கும்வரை இந்தக் குழப்பமும் குறைவாகவே இருக்கும்.

எந்த எண்ணெய்?

இந்த அமைப்புக்கு நல்லெண்ணெய் மிகப் பொருத்தமானது. குளிரிலும் உறையாது, குமிழும் தடையின்றி ஏறும். தேங்காய் எண்ணெய் வெளிச்சமாகவும் அதிகப் புகையில்லாமலும் எரியும், ஆனால் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பெரும்பாலும் இடையூறு இராது. நுவரெலியாவில் விடியற்காலையில் தட்டிலுள்ள எண்ணெய் சுடரின் சூட்டால் உருகியிருக்க, போத்தலிலுள்ளது கட்டியாக நிற்கும், விளக்கு நிறைந்த போத்தலின் பக்கத்திலேயே அணைந்துபோகும். இலுப்பெண்ணெய்க்கும் நெய்க்கும் இதே தொல்லை உண்டு. அவற்றைத் திறந்த அகலிலேயே ஏற்றுவது நல்லது.

ஆமணக்கெண்ணெயைத் தமிழ் ‘விளக்கெண்ணெய்’ என்றே அழைக்கிறது. அது மெதுவாகச் செலவாகி நீண்ட நேரம் எரியும். ஆனால் நல்லெண்ணெயைவிடப் பத்து மடங்கு அளவுக்குக் கெட்டியானது. தனியாகப் போத்தலில் விட்டால் குமிழ் மிகத் தயங்கித்தான் ஏறும். நாலில் ஒரு பங்குக்கு மேற்படாமல் நல்லெண்ணெயோடு கலந்து பாவியுங்கள். பொரித்து மிஞ்சிய எண்ணெயை வடித்து ஊற்ற நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதிலுள்ள நுண்துகள்களும் பிசினும் ஒரே இரவில் திரியை அடைத்துவிடும்.

மண்ணெண்ணெயை இந்த விளக்கில் ஒருபோதும் ஊற்றாதீர்கள், சிறிதளவு கலக்கவும் கூடாது. நல்லெண்ணெய் தீப்பற்றும் ஆவியைத் தருவதற்கு 200 பாகைக்கு மேல் சூடாக வேண்டும். மண்ணெண்ணெய்க்கு 40 பாகைச் சூடே போதும், அதை ஒரு வெயில் நாளின் உலோகத் தட்டே தந்துவிடும். இலங்கையில் மூடி சரியில்லாத குப்பி விளக்குகள் சரிந்து எத்தனையோ பேர், குறிப்பாகக் குழந்தைகள், கருகியிருக்கிறார்கள். அந்தக் காயங்களுக்கு மருத்துவம் செய்த அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, விளக்கின் வடிவத்தையே மாற்றினார். குள்ளமான, கனத்த கண்ணாடி. விழுந்தாலும் உருளாதபடி இரண்டு தட்டையான பக்கங்கள். கழன்று விழாத திருகுமூடி. அந்த விளக்குக்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மண்ணெண்ணெய்தான் பாவிக்க வேண்டியிருக்கிறது என்றால் அத்தகைய மூடிய விளக்கையே பாவியுங்கள்.

நாளாந்தப் பாவனை

போத்தலின் பக்கத்தில் ஒரு கடதாசிப் பட்டி ஒட்டி, 20 மில்லிலீற்றருக்கு ஒரு கோடாகக் குறித்துக்கொண்டால், எவ்வளவு நேரத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்பது இரண்டு இரவுகளில் தெரிந்துவிடும். என் விளக்கில் ஒற்றைத் திரிக்கு மணிக்கு 4 முதல் 5 மில்லிலீற்றர் போகிறது. அதன்படி நிறைந்த போத்தல் நாற்பது மணிநேரத்துக்குக் குறையாமல் வரும். ஆனாலும் ஆளில்லாத வீட்டிலோ, திரைச்சீலைக்கு அருகிலோ, குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்திலோ எரியவிட வேண்டாம். தட்டின் பரப்பு திறந்திருப்பதால் பூச்சிகளும் தூசியும் விழும். கிழமைக்கு ஒருமுறை எண்ணெயை மெல்லிய துணியால் வடித்துக்கொள்ளுங்கள், குழாயின் வாயில் பிசின் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

விளக்கை நூர்க்கும்போது வாயால் ஊத வேண்டாம். ஊதினால் சுடர் போனபின்னும் திரிநுனி கனன்று பஞ்சைத் தின்றுகொண்டிருக்கும், அடுத்த நாள் அந்தக் கரிந்த நுனி எளிதில் பற்றாது. ஒரு குச்சியால் திரியைத் தாங்கிக்குள் கீழிழுத்து எண்ணெயில் அமிழ்த்திவிடுங்கள். கனல் உடனே அடங்கும். மறுநாள் மாலை திரியை நாலு மில்லிமீற்றர் மேலே எடுத்துவிட்டு, நுனியில் கரியிருந்தால் கிள்ளியெறிந்துவிட்டுத் தீக்குச்சியைக் காட்டினால், எண்ணெய் ஊறிய திரி முதல் குச்சியிலேயே பற்றிக்கொள்ளும்.